குறைஞ்சிருந்தா குடிக்கிறேன்

டிக். டிக்டிக். டிக். எலிகள் தண்ணீர் குடிக்கும் சத்தம் அது. பல வருஷங்களுக்கு முன்னால், என் மகள் எழினி ஆராய்ச்சி செய்துகொண்டிருந்த கல்லூரியில், விலங்குகளை வைத்திருந்த நீளமான கட்டடத்தில், ஒரு சாயங்காலம் கேட்டது. சாப்பாட்டுத் தூக்கோடு போயிருந்தேன். கூண்டுக்குக் கூண்டு ஒரு புட்டி தலைகீழாகத் தொங்கும். அதன் இரும்புக் குழாயின் நுனியில் ஒரு சின்னக் குண்டு. எலி நாக்கால் தள்ளினால் குண்டு நகர்ந்து ஒரு சொட்டு இறங்கும். நாக்கை எடுத்தால் குண்டு திரும்ப வந்து உட்காரும். அந்த உட்காரும் சத்தம்தான். ஒரு கூண்டில் கேட்டால் கடிகாரம். அத்தனை கூண்டிலும் சேர்ந்து கேட்டபோது தகரத்தின் மேல் தூறல் விழுவதுபோல இருந்தது, ஆனால் எந்த இடத்திலும் தாளம் பிடிபடவில்லை. வேலை பார்த்த காலமெல்லாம் பெண் பிள்ளைகளுக்கு யாப்பு நடத்தியவள் நான். எதைக் கேட்டாலும் விரல் தானாகத் தொடையில் தட்டிச் சீர் பிரிக்கும். அன்று விரல் தோற்றுப்போய் நின்றது. இப்போது ஏன் அது ஞாபகம் வருகிறதென்றால், பக்கத்து நாற்காலியில் இருக்கும் அம்மாள் மோதிர விரலால் இரும்புக் கைப்பிடியைத் தட்டிக்கொண்டிருக்கிறாள். டிக். டிக்டிக். நானும் அவளும் ஆஸ்பத்திரியில், இதயத்தை எக்கோ படம் எடுக்கும் அறைக்கு வெளியே உட்கார்ந்திருக்கிறோம். உள்ளே எழினி படுத்திருக்கிறாள். கதவைத் திறந்து வைத்து ஒரு பச்சைத் திரையைத் தொங்கவிட்டிருக்கிறார்கள். எழினி என்றாலே திரை என்றுதான் பொருள். பெயர் வைத்தபோது பொருளை யார் நினைத்தது, அந்த ழகரத்துக்காக வைத்தேன். கூப்பிடக் கூப்பிட நாக்கு மடங்கி நிமிரும் சுகத்துக்காக. திரை அசைகிறது. மின்விசிறிக் காற்றுதான். மடியில் பை, பையில் பிளாஸ்க், பிளாஸ்க்கின் சூடு புடவையைத் தாண்டித் தொடையில் தெரிகிறது. நல்ல பிளாஸ்க் என்று சொல்லித்தான் கடைக்காரன் கொடுத்தான், சூடு வெளியே வரக்கூடாது. வருகிறது. அல்லது அது என் தொடையின் சூடுதானோ.

பிளாஸ்க்கில் இருப்பது மருதம்பட்டைக் கஷாயம். காந்தி மார்க்கெட் பக்கம் நாட்டு மருந்துக் கடையில் வாங்கி, மண்ணும் தூசும் போக அலசி, இடித்து, விடியற்காலையில் அடுப்பில் வைத்து, நான்கு தம்ளர் ஒரு தம்ளராகும்வரை பக்கத்திலேயே நின்றேன். பட்டையின் வெளிப்பக்கம் சாம்பல், உள்பக்கம் குழந்தையின் ஈறு போல இளஞ்சிவப்பு. தண்ணீர் முதலில் தேநீர் நிறத்துக்கு வரும், வற்ற வற்றச் சிவக்கும். அந்தச் சிவப்பைப் பார்க்கும்போதெல்லாம் அவளுக்கு ஏற்றுகிற மருந்து நினைவுக்கு வந்துவிடுகிறது. அதுவும் சிவப்பு, சர்பத் போல. மார்பில் கட்டி என்று தெரிந்து, எடுத்து, தையல் ஆறி, அப்புறம் மூன்று வாரத்துக்கு ஒருமுறை இந்தச் சிவப்பு மருந்து. முதல் தடவை நர்ஸ் அதன் பெயரைச் சொல்லத் தொடங்கினாள், எழினி முடித்தாள். ‘இவனை எனக்குத் தெரியும்’ என்றாள், பழைய ஆபீஸ் ஆளைப் பார்த்ததுபோல. தெரியாமல் என்ன, நான்கு வருஷம் எலிகளின் வயிற்றில் அவள் ஏற்றியது இதைத்தான். கட்டியைக் கொல்கிற இந்த மருந்து இதயத்தையும் மெல்ல மெல்லக் கெடுக்கும், சிலருக்கு உடனே, சிலருக்கு வருஷங்கள் கழித்து. மருதம்பட்டையின் சத்தை முன்கூட்டிக் கொடுத்தால் இதயம் தப்புமா என்பதுதான் அவள் ஆராய்ச்சி. வீட்டில் சாப்பாட்டு மேஜையில் உட்கார்ந்து, புளிக்குழம்பு சாதத்தைப் பிசைந்துகொண்டே சொல்வாள். வெறும் மருந்து ஏற்றின எலி முடி சிலிர்த்துக்கொண்டு மூலையில் உட்கார்ந்துவிடும், வயிற்றில் நீர் கோத்துக்கொள்ளும். பட்டைச்சத்து குடித்தது ஓடும். ‘ஓடுச்சும்மா’ என்று அவள் சொன்ன குரல் எனக்கு இன்னும் இருக்கிறது. இரண்டாம் அசையில் ஒரு துள்ளல். எலிகளை அடையாளம் தெரிய மஞ்சள் சாயம் தொடுவார்கள், ஒன்றுக்குத் தலையில், ஒன்றுக்கு முதுகில், ஒன்றுக்கு வாலில். தலையில் மஞ்சள் இருந்த ஒன்றுக்கு நான் ஒரு பெயர் வைத்தேன், கூடாது என்றாள். பெயர் வைத்தால் கடைசியில் கஷ்டம். கடைசியில் என்றால்? கடைசியில் எல்லாவற்றையும் கொன்று இதயத்தை எடுத்துப் பார்ப்பார்கள். ஓடினதையுமா? ஓடினதையும்தாம்மா, இல்லாட்டி இதயம் நல்லா இருக்குன்னு எப்படித் தெரியும்.

திரைக்குள்ளிருந்து சத்தம் வருகிறது. ஷ்வ், ஷ்வ், ஷ்வ். இந்தப் படம் எடுக்கும் மெஷினில் ரத்தம் ஓடுவதைச் சத்தமாகவும் கேட்கலாமாம். ஈரத்துணியைக் கல்லில் அலசுவதுபோல, ஒரு இழுப்பு, ஒரு நிறுத்தம். அது எழினியின் ரத்தம். என் வயிற்றுக்குள் இருந்தபோது முதல்முதலாக டாக்டர் ஒரு குழலை வைத்துத் தன் காதால் கேட்டார், எனக்குக் கேட்கவில்லை, எனக்கும் கேட்கவேண்டும் என்றேன், சிரித்தார். முப்பத்தெட்டு வருஷம் கழித்து ஆஸ்பத்திரி வராந்தாவில் கேட்கிறது, யார் வேண்டுமானாலும் கேட்கலாம், மோதிரம் தட்டுகிற அம்மாள்கூட. ஒழுங்காகத்தான் இருக்கிறது. நேர், நேர். நேர், நேர். இல்லை, நடுவில் ஏதோ தட்டியதா? திரும்பக் கேள். ஷ்வ். கருவியைக் கொஞ்சம் நகர்த்தியிருப்பார்கள். காதால் கேட்டு என்ன தெரியும், அவர்களுக்கு வேண்டியது ஒரு எண். இதயம் ஒவ்வொரு துடிப்பிலும் உள்ளே வந்த ரத்தத்தில் எவ்வளவை வெளியே தள்ளுகிறது என்கிற எண். போன தடவை அறுபத்திரண்டு, நல்ல எண் என்றார்கள். ஐம்பதுக்குக் கீழே வந்தால் சிவப்பு மருந்தை நிறுத்திவிடுவார்கள்.

கஷாயத்தைப் பற்றி இரண்டு மாதமாகச் சண்டை. சண்டை என்றால் நான் பேசுவேன், அவள் சுவரைப் பார்ப்பாள். உன் கையால் நிரூபித்ததுதானே என்பேன். எலியில் என்பாள். ஆற்றங்கரையில் மருத மரங்கள் நின்றுகொண்டுதானே இருக்கின்றன, நெஞ்சுக்கு நல்லது என்று ஊரே குடிக்கிறதே என்பேன். குடிக்கட்டும், அவங்க யாருக்கும் சிவப்பு மருந்து ஏறலை. நாங்கள் கொடுத்தது சாராயத்தில் இறக்கிப் பிரித்த சத்து, நீ காய்ச்சுவது கஷாயம், அதில் என்ன இருக்கு, எவ்வளவு இருக்கு, ரத்தத்தில் போய் மற்ற மருந்துகளை என்ன செய்யும், ஒன்றும் தெரியாது. டாக்டரும் அதையேதான் சொன்னார், வெளியிலிருந்து எதுவும் வேண்டாம் என்று. நான் விடவில்லை. நேற்று மாலை, முடி கொட்டின தலையில் துண்டைச் சுற்றிக்கொண்டு பால்கனியில் உட்கார்ந்திருந்தவள், திரும்பாமலே கேட்டாள். ‘இதயத்தக் காப்பாத்தறது கட்டியையும் சேத்துக் காப்பாத்திட்டா என்னம்மா பண்ணுவ?’ கீழே ஒருவன் பழைய பேப்பர் என்று கூவிக்கொண்டு போனான், இரண்டாம் சொல்லை இழுத்து. அவன் தெருமுனை திரும்பும்வரை இருவரும் கேட்டுக்கொண்டிருந்தோம். பிறகு அவளே சொன்னாள், குரல் இறங்கி, குழந்தைக்குச் சொல்வதுபோல. ‘சரி. நாளைக்கு எக்கோ. எண்ணு குறைஞ்சிருந்தா குடிக்கிறேன். அப்ப எப்படியும் இந்த மருந்த நிறுத்திருவாங்க, உன் கஷாயத்தால கெடறதுக்கு ஒண்ணும் இருக்காது. குறையலைன்னா நீ இதப்பத்திப் பேசவே கூடாது.’ நான் சரி என்றேன். காலேஜில் படித்தவள், காலேஜில் பாடம் நடத்தியவள், என்ன ஒப்பந்தத்துக்குச் சரி என்கிறேன் என்று அந்த நிமிஷம் தெரியவில்லை. விடியற்காலையில் கஷாயம் வற்றிக்கொண்டிருந்தபோதும் தெரியவில்லை. அடுப்பு சீறுகிறது, பட்டைத் துண்டுகள் ஒன்றோடொன்று இடித்துக்கொள்கின்றன, கைக்கு வேலை இருக்கிறது, அதுவே போதுமென்றிருந்தது. ஆட்டோவில் வரும்போதுகூடத் தெரியவில்லை. ‘எதுக்கு இது?’ என்று பையைக் காட்டினாள். ஒருவேளை தேவைப்பட்டால் என்றேன். அவள் என்னைக் கொஞ்ச நேரம் பார்த்தாள், பிறகு வெளியே பாலத்தைப் பார்த்தாள், தண்ணீர் குறைந்து மணல் தெரிகிற ஆற்றை.

இப்போதுதான் தெரிகிறது. இந்த நாற்காலியில், இந்த மோதிரச் சத்தத்தில். நான் கஷாயத்தைக் கொண்டுவந்திருக்கிறேன் என்றால் அவள் குடிக்கவேண்டும் என்று கொண்டுவந்திருக்கிறேன். அவள் குடிக்கவேண்டுமென்றால் எண் குறைந்திருக்க வேண்டும். எண் குறைய வேண்டுமென்றால். வேண்டாம். இதை நினைக்க வேண்டாம். மின்விசிறியைப் பார். மூன்று இறக்கையில் ஒன்றில் மட்டும் ஒட்டடை. கொஞ்சமாகக் குறைந்திருக்கட்டும் என்றுதானே நினைக்கிறேன், ஐம்பத்தெட்டு, ஐம்பத்தேழு, ஆபத்தில்லாமல், பேச்சுக்குக் குறைந்ததாக. அப்படிப் பேரம் பேச அது கத்தரிக்காயா? தாய் ஒருத்தி வராந்தாவில் உட்கார்ந்து பெண்ணின் இதயம் கொஞ்சம் கெட்டிருக்கட்டும் என்று வேண்டிக்கொள்கிறாள். நான் வேண்டிக்கொள்ளவில்லை. மனசு தானாக அந்தப் பக்கம் சாய்கிறது, கோணல் நாற்காலியில் உட்கார்ந்தவர் தெரியாமல் ஒரு பக்கம் சரிவதுபோல. இழுத்து நிமிர்கிறேன். எண் அப்படியே இருக்கட்டும், கூடியிருக்கட்டும், அறுபத்தைந்து, எழுபது. சொல்லி முடிப்பதற்குள் தொடையில் பிளாஸ்க் சுடுகிறது. இத்தனை நேரம் வற்றவைத்தது வீணா?

பக்கத்து அம்மாள் தட்டுவதை நிறுத்திவிட்டு என் பக்கம் திரும்பினாள். துறையூரிலிருந்து வருகிறார்களாம், விடிகாலை பஸ்ஸில். அந்தண்டை நாற்காலியில் கண்ணை மூடிச் சாய்ந்திருப்பவர் அவள் கணவர், ஓய்வுபெற்ற கண்டக்டர், மாடி ஏறினால் மூச்சு வாங்குகிறதாம். அவருக்குக் கேட்கவேண்டும் என்றே சொன்னாள். ‘இவருக்கு நெஞ்சுன்னு ஒண்ணு இருக்கான்னு பாத்துட்டுப் போலாம்னுதாங்க்கா கூட்டியாந்தேன். கல்யாணமாகி இத்தன வருசத்துல எனக்குத் தட்டுப்படலை.’ அவர் கண் திறக்காமல், ‘இருந்துச்சு, சீர்வரிசை கொறைச்சலா வந்தப்பவே நின்னு போச்சு’ என்றார். அவள் அவர் தோளில் இடித்தாள். நான் சிரித்தேன், வெகு நாளைக்கப்புறம், சத்தம் எனக்கே அன்னியமாக இருந்தது. பிறகு அவள் குரலைத் தாழ்த்தி, உள்ளே யாருக்கு என்று கேட்டாள். மகள் என்றேன். சின்ன வயசா? முப்பத்தெட்டு. ஐயோ, நெஞ்சுல கோளாறா? இல்லை, நெஞ்சில் ஒன்றுமில்லை, அதுதான் பார்க்கிறார்கள். அவளுக்குப் புரியவில்லை. எனக்கும் சொல்லிக்கொண்டே வரும்போது புரியவில்லை. நோய் ஒரு பக்கம் இருக்கிறது, நான் இன்னொரு பக்கத்தைக் காவல் காக்கிறேன்.

ஏன் என்று எனக்குத் தெரியும். அவள் அப்பா. குளியலறையில் வாளி உருண்ட சத்தம், தண்ணீர் கொட்டின சத்தம், அப்புறம் ஒன்றுமே இல்லாத சத்தம். கதவை உடைக்கப் பக்கத்து வீட்டிலிருந்து ஆள் கூப்பிட்டு வந்தபோது பாதி முகத்தில் சோப்பு நுரை. நல்ல இதயம் என்று முந்தின மாதம்தான் யாரோ டாக்டர் சொல்லியிருந்தார். அன்றிலிருந்து எனக்கு மரணம் என்றால் அது நெஞ்சு வழியாகத்தான் வரும். எழினி கட்டி என்று சொன்னபோது அழுதேன், ஆனால் அது பயம் இல்லை, துக்கம். வெட்டி எடுக்கலாம், அளந்து சொல்லலாம், எதிரே நிற்கிற ஒன்று. இந்த மருந்து இதயத்தைத் தொடும் என்று அவள் சொன்ன அன்றுதான் பயம் வந்தது, வாளி உருள்கிற சத்தத்தோடு. ராத்திரி அவள் அறை வாசலில் நின்று மூச்சைக் கேட்பேன். கட்டியைப் பற்றி நான் இன்டர்நெட்டில் ஒரு வரிகூடப் படித்ததில்லை. இதயத்தைப் பற்றிப் படித்துத் தள்ளியிருக்கிறேன். மருதம்பட்டை, திராட்சை விதை, பச்சைத் தேயிலை, மஞ்சள். எல்லாம் எலி, எல்லாம் எலி. எங்கேயாவது ஒரு மனுஷி கிடைப்பாளா என்று தேடினால், கொஞ்சம் பேரிடம் பார்த்தோம், இன்னும் நிறையப் பேரிடம் பார்க்க வேண்டும் என்று முடித்திருப்பார்கள். எல்லாக் கட்டுரையும் அந்த வாக்கியத்தில்தான் முடிகிறது. எழினியின் கட்டுரையும் அப்படித்தான் முடிந்திருந்தது. அதை அவள் எழுதியபோது நான்தான் பக்கத்தில் உட்கார்ந்து வரிகளைச் சரிபார்த்தேன். நல்ல முடிவு, அடக்கமாக இருக்கிறது என்று சொன்னேன்.

ஷ்வ் சத்தம் நின்றுவிட்டது. உள்ளே காகிதம் கிழிகிற சத்தம், மேலே தடவிய பசையைத் துடைத்துக்கொள்ளக் கொடுப்பார்கள். குளிர்ந்த பசை, முதல் தடவை சிலிர்த்துப்போனேன் என்றாள். கட்டிலிலிருந்து கால் இறங்கும் சத்தம். செருப்பைத் தேடும் சத்தம். அவள் நடை எனக்குத் தெரியும், மருந்துக்கு அப்புறம் இடது காலைக் கொஞ்சம் தாமதமாக வைக்கிறாள், உள்ளங்கால் மரத்துவிட்டதாம். குறைந்திருக்குமா? குறைந்திருக்கக் கூடாது. பிளாஸ்க்கின் மூடியை எப்போது தளர்த்தினேன்? துவர்ப்பு வாசனை வராந்தாவில் வருகிறது. துறையூர் அம்மாள் மூக்கைச் சுளித்து, என்னங்க்கா கஷாயமா என்கிறாள். ஆமாம். இவருக்குக் கொஞ்சம் கிடைக்குமா? நான் பதில் சொல்வதற்குள் திரை விலகுகிறது.

எழினி முகத்தில் ஒன்றும் இல்லை. எப்போதும் அப்படித்தான், எண்களைக் கையில் வைத்திருக்கும்போது அவளுக்கு முகம் இருக்காது. என் முன்னால் வந்து நின்று, ‘அறுபத்தொண்ணு’ என்றாள். அறுபத்திரண்டு அறுபத்தொன்றானது குறைவா என்று நான் வாயைத் திறந்திருக்க வேண்டும், ஏனென்றால் அவள் தலையாட்டினாள். ‘அது குறைவில்லம்மா. அளக்கிற கையோட வித்தியாசம். நல்லா இருக்கு.’ நல்லா இருக்கு. எனக்குச் சந்தோஷம்தான், சத்தியமாகச் சந்தோஷம்தான், கண்ணில் நீர்கூட வந்தது. ஆனால் அதற்கு முன்னால், ஒரு கண் இமைக்கிற நேரம், என் முகம் விழுந்துவிட்டது. கை பையின் மேல் இருந்தது. அவள் பார்த்துவிட்டாள். எலி மூலையில் உட்காருகிறதா ஓடுகிறதா என்று நான்கு வருஷம் பார்த்த கண். கோபித்துக்கொள்வாள் என்று நினைத்தேன். சிரித்தாள். ‘என்ன டீச்சர், பரீட்சையில நான் பாஸானதுல ஏமாந்துட்டீங்களா?’ என்றாள்.

நாற்காலியில் என்னை ஒட்டி உட்கார்ந்தாள். பையைத் திறந்து பிளாஸ்க்கை எடுத்தாள், மூடியைத் திருகி அதில் கொஞ்சம் ஊற்றினாள், ஆவி அவள் புருவமில்லாத முகத்தில் பட்டது. முகர்ந்தாள். எலிகளுக்கு இந்த வாசனை ஆகாது, தலையைத் திருப்பிக்கொள்ளும், அதனால்தான் தொண்டையில் குழாய் விட்டு ஊற்றவேண்டியிருந்தது என்றாள். அப்போது அவற்றின் இதயம் என் விரலுக்கடியில் ஓடும்மா, எண்ணவே முடியாது. வேண்டாம் எழினி என்றேன். நிஜமாகவே பயந்துபோனேன், நேற்று அவள் கேட்ட கேள்வி திரும்ப வந்து நின்றது. டாக்டர் வேண்டாம் என்றாரே, நாம் பேசினது வேறே. அவள் என்னைப் பார்த்துக்கொண்டே ஒரு வாய் குடித்தாள். ஒரே ஒரு வாய். துவர்ப்பில் கண்ணை இறுக மூடினாள், மூன்று வயதில் விளக்கெண்ணெய் குடித்த அதே முகம். ‘இது கணக்குல வராது’ என்றாள். ‘ஒரே எலிய வச்சு யாரும் எதையும் சொல்ல முடியாது.’ மீதியைக் கை கழுவுகிற தொட்டியில் கொட்டினாள். சிவப்பு வளைந்து வளைந்து போயிற்று. துறையூர் அம்மாள் கேட்டதற்கு, உங்க டாக்டர் சொல்லாமல் அவருக்கு எதுவும் கொடுக்காதீங்க என்று மட்டும் சொன்னாள், கண்டக்டர் உள்ளே போக எழுந்தபோது அவருக்குத் திரையை விலக்கிப் பிடித்தாள். வெளியே வெயில். ஆட்டோவில் பாலம் தாண்டும்போது என் தோளில் சாய்ந்து தூங்கிவிட்டாள். அவள் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டு வந்தேன், விரலுக்கடியில் அது நடந்துகொண்டிருந்தது, நேர், நேர், ஒரு இடத்திலும் தட்டாமல். கஷாயத்தைப் பற்றி அப்புறம் நாங்கள் பேசவில்லை.

எழினி அடுத்த வருஷம் பங்குனியில் இறந்தாள். கட்டி ஈரலுக்கும் அங்கிருந்து மூளைக்கும் போயிருந்தது. கடைசியில் நினைவு தப்பின பிறகும் பல நாள் மூச்சு ஓடிக்கொண்டிருந்தது. இதயம் நன்றாக இருக்கிறது, அதனால்தான் இவ்வளவு நேரமாகிறது என்று அங்கிருந்த நர்ஸ் சொன்னாள்.